வெள்ளைத் தாளில் கறுப்பு நட்சத்திரங்கள்

என் அக்கா மகள் விடுமுறைக்கு வந்தால் அவளுடைய கைபேசி எங்கள் வீட்டு ஊஞ்சல் பலகையில்தான் கிடக்கும். சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரத்திலோ, விடிகாலையில் என் மனைவி டிகாக்‌ஷன் இறக்கும் நேரத்திலோ அது திடீரென்று அதிர்ந்து, பலகையின் மேல் இரண்டு அங்குலம் நகரும். "என்னம்மா, வேலையா?" என்று என் மனைவி கேட்பாள். "ஆமா அத்தை, வெடிச்சிருக்கு" என்பாள் அவள், பக்கத்துத் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்ததைச் சொல்வதுபோல. எங்கோ பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு பெருநட்சத்திரம் உள்ளே சரிந்து மாண்டபோது கிளம்பிய காமாக் கதிர் பூமியைத் தொட்ட சில நொடிகளில் அந்தச் செய்தி எங்கள் ஊஞ்சலுக்கு வந்துவிடுகிறது. நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள், ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் தரையில் யாரையும் கேட்காமல் தானாகவே அந்தத் திசைக்குத் திரும்பி, எக்ஸ்-கதிர்க் கண்ணால் பார்த்து, வெடித்த இடத்தையும் குறித்து அனுப்பிவிடுகிறது. முழு நிலவின் அகலத்தை ஐந்நூறு கூறு போட்டால் அதில் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு துல்லியமாக.

அந்த அதிர்வைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கார்க் பலகை நினைவுக்கு வரும். 1990களின் தொடக்கத்தில் நான் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த இடத்தில், நூலக வாசலில் அது இருந்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் கேம்பிரிட்ஜிலிருந்து சர்வதேச வானியல் ஒன்றியத்தின் சுற்றறிக்கைகள், அஞ்சலட்டை அளவில் அச்சடித்த அட்டைகளாகத் தபாலில் வரும். நூலகர் அவற்றைக் குண்டூசியால் குத்தி வைப்பார். ஒரு நோவா வெடித்து, மங்கி, மறந்தும் போன பிறகு அதைப் பற்றிய அட்டை எங்கள் கைக்கு வரும். ஆனாலும் தபால்காரரின் சைக்கிள் மணிக்கு நாங்கள் காது கொடுத்திருந்தோம். பொங்கல் வாழ்த்து அட்டைக்கும், வேலைக்கான நேர்முகக் கடிதத்துக்கும், கல்யாணமாகிப் போன அக்காவின் இன்லண்ட் லெட்டருக்கும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பின் ருசி தெரியும். செய்தி வருவதற்கு முன்பே அதை மனத்துக்குள் பத்து விதமாக எழுதிப் பார்த்திருப்போம். உண்மைச் செய்தி அந்தப் பத்தில் ஒன்றாக இருந்தால் ஒரு மகிழ்ச்சி. பதினொன்றாவதாக இருந்துவிட்டால் அதைவிடப் பெரிய மகிழ்ச்சி.

காமாக் கதிர் வெடிப்பு என்ற சொல்லை நான் முதலில் கேட்டது முதுகலை வகுப்பில். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கோடு இழுத்தார்; கோடு சமமாகப் போய், சட்டென்று பனைமரம்போல் உயர்ந்து, கிளை கிளையாகப் பிரிந்து, மறுபடி தரைக்கு வந்தது. "இது என்ன, எங்கிருந்து வருது, எவ்வளவு தூரம், யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த சுண்ணப்பொடியைத் தட்டிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போனார். யாருக்கும் தெரியாது என்று ஓர் ஆசிரியர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பாடப்புத்தகத்தின் சுவரில் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது. அன்று மாலை விடுதிக்குத் திரும்பும் வழியில் நின்று நின்று வானத்தைப் பார்த்தேன். காமாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது என்பதும், காற்று மண்டலம் அதைத் தரைக்கு விடாது என்பதும் தெரிந்தே பார்த்தேன்.

அதைக் கண்டுபிடித்த கதையே காத்திருப்பின் கதைதான். அணுகுண்டைக் காற்றிலும் விண்ணிலும் கடலடியிலும் வெடித்துப் பார்ப்பதில்லை என்று 1963இல் வல்லரசுகள் ஒப்பந்தம் போட்டன. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா வேலா என்ற செயற்கைக்கோள்களை இரண்டிரண்டாக அனுப்பியது. 1967 ஜூலை 2ஆம் தேதி அவற்றின் கருவியில் ஒரு துடிப்பு விழுந்தது. குண்டு வெடித்தால் வரும் வடிவமும் அதற்கு இல்லை, சூரியன் சீறியதற்கான தடயமும் இல்லை. அது அப்போது யார் கண்ணிலும் படவில்லை. லாஸ் அலமோஸில் ரே கிளெபசாடெலும் ராய் ஓல்சனும் பழைய பதிவுத் தாள்களை உட்கார்ந்து புரட்டியபோது, 1969இல்தான் அது அகப்பட்டது. பிறகும் அவசரப்படவில்லை. நல்ல கருவிகளோடு புதிய வேலாக்கள் போகட்டும், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியட்டும் என்று பொறுத்திருந்து, பதினாறு வெடிப்புகளைச் சேர்த்து 1973இல் வெளியிட்டார்கள். ஒரு மின்னலைப் பார்த்தேன் என்று ஊருக்குச் சொல்ல ஆறு ஆண்டு. அந்த ஆறு ஆண்டின் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு மர்மம் அப்படியே நின்றது. நூற்றுக்கும் மேற்பட்ட விளக்கங்கள் எழுதப்பட்டன. நியூட்ரான் நட்சத்திரத்தின் மேல் வால்மீன் விழுகிறது என்றார்கள், அதன் மேலோடு பிளக்கிறது என்றார்கள், சூரியக் குடும்பத்தின் ஓரத்திலேயே நடக்கிறது என்றவர்களும் உண்டு. 1991 ஏப்ரலில் அட்லாண்டிஸ் விண்ணோடம் சுமந்து போய் இறக்கிய காம்ப்டன் ஆய்வகத்தில் பேட்ஸி என்ற கருவி இருந்தது. செயற்கைக்கோளின் எட்டு மூலைக்கு எட்டு உணர்கலங்கள், கோயில் தேரின் மூலைக்கு மூலை தொங்கும் மணிபோல. நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் அது வெடிப்புகளைப் பிடித்தது. ஒன்பது ஆண்டில் 2,704. அந்த இடங்களைப் புள்ளிகளாக இட்ட வரைபடத்தின் ஜெராக்ஸ் ஒன்று எங்கள் அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. நம் பால்வெளிக்குள் நடப்பதாக இருந்தால் புள்ளிகள் நடுவில் ஒரு பட்டையாகக் குவிந்திருக்க வேண்டும். அவையோ கைநிறைய மாவை அள்ளி வாசலில் தூவியதுபோல் எங்கும் ஒரே சீராகக் கிடந்தன. பால்வெளிக்கு வெளியே, வெகு வெகு தொலைவில் நடக்கிறது என்று போலந்துக்காரரான போஹ்தான் பாச்சின்ஸ்கி ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார், கேட்டவர்கள் குறைவு. 1995 ஏப்ரலில் வாஷிங்டனில், அண்டத்தின் அளவைப் பற்றி 1920இல் நடந்த புகழ்பெற்ற விவாதத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு நினைவாக, அவரும் டான் லாம்பும் இதைப் பற்றி மேடையில் வாதிட்டார்கள், மார்ட்டின் ரீஸ் நடுவராக இருந்தார். அந்த உரைகளின் பிரதி எங்களுக்கு மாதங்கள் கழித்துக் கிடைத்தது. நாங்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து, கேண்டீன் மேஜையில் டீ ஆறிப்போகும்வரை அதே விவாதத்தை மறுபடி நடத்தினோம். எனக்குப் பாச்சின்ஸ்கி கட்சி. ஆதாரம் இருந்ததால் மட்டும் இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பது மனத்துக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

சிக்கல் எங்கே இருந்தது என்றால், பேட்ஸி சொல்லும் இடம் சில பாகை அகலம். கையை நேராக நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் வானத்தில் எவ்வளவு மறையுமோ அவ்வளவு. அதற்குள் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்கள், எண்ணமுடியாத விண்மீன் மண்டலங்கள். எந்த வீட்டில் தீப்பிடித்தது என்று கேட்டால் "திருப்பத்தூர் தாலுகா" என்று பதில் வருவதுபோல. துல்லியமாகச் சொல்ல இன்னொரு வழி இருந்தது. இடி இடித்தால் நம் ஊரில் முதலில் கேட்கும், அடுத்த ஊரில் சற்றுக் கழித்துக் கேட்கும். அந்த வித்தியாசத்தை வைத்து மின்னல் விழுந்த திசையைச் சொல்லலாம் அல்லவா? அதேபோல பூமியருகே ஒரு கலம், சூரியனைச் சுற்றும் யுலிசிஸ், வேறு வேலையாக எங்கோ போய்க்கொண்டிருக்கும் இன்னொரு கலம் ஆகியவை ஒரே வெடிப்பை எந்தெந்த நொடியில் கேட்டன என்று ஒப்பிட்டால், வானத்தில் வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் கிடைக்கும். அழகான முறை. தரவு எல்லாம் வந்து சேர்ந்து கணக்குப் போட்டு முடிக்கப் பல மணி நேரம், சில சமயம் நாட்கள் ஆகும். வெடிப்போ சில நொடி.

நாங்கள் காவலூருக்குப் போனது அந்தக் காலத்தில்தான். வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் பஸ்ஸில் ஏறி, ஜவ்வாது மலையின் வளைவுகளில் தூங்கித் தூங்கி விழித்தால் வெள்ளை டோம்கள் மரங்களுக்கு மேலே தெரியும். வேணு பாப்பு கனவு கண்டு, அவர் மறைந்த பிறகு 1986இல் திறக்கப்பட்டு அவர் பெயரையே தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. இரவு உணவை ஏழு மணிக்கே முடித்து, நள்ளிரவுக்கு ஒரு ஃபிளாஸ்க் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு, டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்தபடி டோமுக்கு நடப்போம். கதவு திறக்கும் சத்தம் முதலில் இரும்பின் முனகலாகக் கேட்கும்; பிறகு மேலே ஒரு கறுப்புப் பிளவு அகன்றுகொண்டே போய், அதற்குள் நட்சத்திரங்கள் வந்து நிற்கும். சிசிடி கேமராவைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றும்போது வெண்புகை வழிந்து காலைச் சுற்றிப் படரும், சாம்பிராணிக்கு வாசனை மட்டும் இல்லாததுபோல. தொலைநோக்கியை ஓட்டும் இரவுப் பணியாளர், பக்கத்து மலைக் கிராமத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். காற்றை முகத்தில் வாங்கிவிட்டு, "ஒரு மணிக்கு மேல கலைஞ்சுடும் தம்பி, படுத்துக்க, எழுப்புறேன்" என்று அவர் சொன்னால் மேகம் ஒரு மணிக்குக் கலையும்.

அங்கே ஒரு சிறு சந்தோஷம் இருந்தது, இன்று அது யாருக்கும் கிடைக்காது. பாலோமர் வான அளவீட்டின் படத்தாள்கள் என்று உண்டு. 1950களில் கலிபோர்னியாவில் வானத்தைத் துண்டு துண்டாக எடுத்த படங்கள். ஒவ்வொரு தாளும் ஒரு முழச் சதுரம் இருக்கும், இரும்பு அலமாரியில் அடுக்கியிருக்கும். நெகட்டிவ் என்பதால் வானம் வெள்ளை, நட்சத்திரம் கறுப்பு. மாக்கோலத்தைத் தலைகீழாக நிறம் மாற்றிப் போட்டதுபோல. நாம் பார்க்கப்போகும் இடத்தைத் தாளில் தேடி, அதன் மேல் ஓஎச்பி ஷீட்டை வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தபடி மார்க்கர் பேனாவால் புள்ளி புள்ளியாக நகல் எடுக்க வேண்டும். பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பெரிய புள்ளி, மங்கலானதற்குப் பேனா முனை தொட்டும் தொடாததுமாக ஒரு புள்ளி. ஒரு மணி நேரம் அப்படிக் குனிந்து எழுந்தால் அந்தத் துண்டு வானம் மனத்தில் பதிந்துவிடும். இங்கே ஒரு முக்கோணம், அங்கே ஒரு சப்பாத்திக் கரண்டி, இந்த மூலையில் பின்னல் போட்ட பெண் என்று நாமே பெயர் வைத்திருப்போம். தொலைநோக்கியில் எடுத்த படம் திரையில் விழுந்ததும் ஷீட்டைப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுவோம். ஷீட்டில் இல்லாத ஒரு புள்ளி திரையில் இருந்தால், அதுதான். வெடிப்பின் பின்னொளி.

அந்தப் பின்னொளி என்று ஒன்று உண்டு என்பதே 1997வரை யாருக்கும் உறுதியில்லை. இத்தாலியும் நெதர்லாந்தும் சேர்ந்து அனுப்பிய பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள், அந்த ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி ஒரு வெடிப்பைப் பார்த்தது. எட்டு மணி நேரத்தில் கலத்தைத் திருப்பி எக்ஸ்-கதிர்க் கருவியால் பார்த்தார்கள். அங்கே ஏதோ ஒன்று மங்கிக்கொண்டிருந்தது. ஆம்ஸ்டர்டாமின் யான் வான் பாராடைஸ் குழுவினர் வெடித்து இருபத்தோரு மணி நேரத்துக்குள் லா பால்மா தீவின் வில்லியம் ஹெர்ஷெல் தொலைநோக்கியில் எடுத்த படத்தில் ஒரு புது நட்சத்திரம் இருந்தது. ஒரு வாரம் கழித்து எடுத்த படத்தில் அது இல்லை. மே மாதத்தில் இன்னொரு வெடிப்பு, ஹவாயின் கெக் தொலைநோக்கியில் அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்துத் தூரத்தை அளந்தார்கள்: பல நூறு கோடி ஒளியாண்டு. பாச்சின்ஸ்கி சொன்னது சரி. அந்த மின்னஞ்சலை டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் அச்சடித்தோம். ஓரத்துத் துளைகளோடு நீண்டு தொங்கிய அந்தத் தாளை நான்கு பேர் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்துப் படித்தோம். எதிர்க்கட்சியில் இருந்த நண்பன் எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தான். அன்று கேண்டீனில் அவன் வாங்கிக் கொடுத்த கேசரியின் நெய் வாசனை இன்னும் என்னிடம் இருக்கிறது.

மர்மம் தீர்ந்ததில் வருத்தமா என்று கேட்டால், இல்லை. கொஞ்சம் வெறுமை இருந்தது என்பது மட்டும் உண்மை. நூறு கதைகளில் வாழ்ந்த ஒன்று ஒரே கதைக்குள் வந்து குடியேறிவிட்டது.

அடுத்த இரண்டு மூன்று ஆண்டு நாங்கள் பின்னொளிகளைத் துரத்தினோம். இந்தியாவுக்கு அதில் ஓர் இயற்கையான இடம் இருக்கிறது: அமெரிக்காவும் ஐரோப்பாவும் பகலில் இருக்கும்போது இரவு நம்முடையது. பின்னொளி மணிக்கு மணி மங்குவதால், நாம் பார்க்காத அந்த மணி நேரங்கள் யாருக்குமே கிடைக்காமல் போய்விடும். 1999 ஜனவரியில் வந்த வெடிப்பை நைனிதாலில் பார்த்தார்கள். 2000 மார்ச் முதல் தேதி வெடித்ததை மறுநாளிலிருந்தே காவலூரின் பெரிய தொலைநோக்கியில் படமெடுத்து, உலகின் தொடக்கப் பதிவுகளில் ஒன்றாகப் பார்கவியும் கௌசிக்கும் வெளியிட்டார்கள். அது எங்கள் எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. அந்த இரவுகளில் நான் அங்கே இல்லை. நான் இருந்த இரவு வேறு.

தொலைநோக்கி நேரம் வேறொருவருக்கு ஒதுக்கியிருந்தது. அவரிடம் போய், "சார், வெடிச்சிருக்கு, ரெண்டு மணி நேரம் கொடுத்தீங்கன்னா" என்று நின்றேன். அவர் தன் நட்சத்திரத்தை மூன்று மாதமாகக் காத்திருந்து பார்க்க வந்தவர். ஒரு கணம் யோசித்துவிட்டு, "எடுத்துக்கோப்பா, என் நட்சத்திரம் நாளைக்கும் இருக்கும்" என்று எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். மின்னஞ்சலில் வந்த இடத்தைப் பாலோமர் தாளில் தேடி, அவசர அவசரமாக ஷீட்டில் நகல் எடுத்திருந்தேன். படம் திரையில் விழுந்தது, ஷீட்டோடு பொருந்தவில்லை. முக்கோணம் இல்லை, கரண்டி இல்லை. "தொலைநோக்கி தள்ளி நிக்குதுண்ணா" என்றேன்.

"இல்ல தம்பி, மெஷின் சரியாத்தான் நிக்குது. சாயங்காலம் நாலு நட்சத்திரத்துல வெச்சுப் பார்த்தேன், நடுவுல வந்து உக்காந்துச்சு. உன் படத்தை ஒருதரம் பாரு."

"படம் சரிதாண்ணா. கொஞ்சம் தள்ளிப் பாருங்க."

அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. அரை மணி நேரம் இப்படியும் அப்படியும் நகர்த்தினோம். ஒரு கட்டத்தில் திரையில் என் முக்கோணம் வந்தது, கரண்டி வந்தது, எல்லாப் புள்ளியும் கச்சிதமாகப் பொருந்தியது. எவ்வளவு சந்தோஷம்! இரண்டு மணி நேரம் அந்த இடத்தைப் படமெடுத்தோம். விடிந்த பிறகு, டீ குடித்துக்கொண்டே மின்னஞ்சலை மறுபடி படித்தபோதுதான் அந்த ஒரு வரி கண்ணில் பட்டது: ஆயங்கள் 2000ஆம் ஆண்டுக்குரியவை. பூமியின் அச்சு பம்பரம்போல் மெதுவாகத் தலை சுற்றுவதால் வானத்தின் கட்டங்களும் ஆண்டுக்கு ஆண்டு நகரும். பாலோமர் தாளின் கட்டங்களோ 1950ஆம் ஆண்டுக்குரியவை. ஐம்பது ஆண்டில் அந்த நகர்வு முழு நிலவின் அகலத்தைவிட அதிகம். எங்கள் கேமரா பார்க்கும் இடமோ நிலவில் மூன்றில் ஒரு பங்கு. தொலைநோக்கி முதலில் நின்ற இடம்தான் சரியான இடம். நான்தான் அதை அங்கிருந்து நகர்த்தியிருந்தேன். அண்ணா தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "இன்னிக்கு ராத்திரியும் வானம் நல்லாத்தான் இருக்கும்" என்றார். அன்றிரவு மேகம். அவர் கணிப்பு தவறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாரோ என்று பின்னாளில் தோன்றியிருக்கிறது.

காலம் மாறும் சத்தம் அதற்கு முன்பே கேட்டுவிட்டது. நைனிதாலில் பார்த்தார்கள் என்றேனே, அதே 1999 ஜனவரி 23ஆம் தேதி வெடிப்பைத்தான், லாஸ் அலமோஸில் கேனன் டெலிஃபோட்டோ லென்ஸ்கள் நான்கை ஒன்றாகக் கட்டிய ராட்சி என்ற தானியங்கி, பேட்ஸியின் எச்சரிக்கை வந்ததும் தானே திரும்பி, வெடித்த இருபத்திரண்டாவது நொடியில் படமெடுத்தது. 900 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடந்தது. சாதாரண பைனாகுலரில் தெரியும் அளவுக்குப் பிரகாசம். 2004 நவம்பர் 20ஆம் தேதி ஸ்விஃப்ட் கிளம்பியது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறிய ஈய வில்லைகளை ஒழுங்கில்லாமல் பதித்த ஒரு தட்டு அதன் கூரை. வெடிப்பின் கதிர் விழுந்தால் கீழே அந்த வில்லைகளின் நிழல் விழும், கீற்றுக் கொட்டகையின் பொத்தல் வழியே வெயில் தரையில் கோலம் போடுவதுபோல. எந்தக் கோணத்தில் நிழல் விழுந்தது என்பதிலிருந்து திசையைத் தானே கணக்கிட்டு, பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் தன் தொலைநோக்கிகளைத் திருப்பிவிடும். அதை வழிநடத்திய நீல் கெரல்ஸ் 2017இல் மறைந்தார். இப்போது அந்தக் கலம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. பாப்புவின் பெயரைத் தாங்கிய தொலைநோக்கியின் கீழ் இரவுகளைக் கழித்தவனுக்கு, அந்தச் செய்தியைப் படித்தபோது மனம் என்னவோ செய்தது.

2008 மார்ச் 19ஆம் தேதி, 750 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் வெடித்த ஒன்று, இருட்டான இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு ஒளிர்ந்தது, அரை நிமிடம்போல. சூரியனே பிறக்காத காலத்தில் கிளம்பிய ஒளி. நமக்கு அப்போது பகல் பதினொன்றே முக்கால். நான் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். அன்று அதிகாலையில்தான் கொழும்பில் ஆர்தர் கிளார்க் காலமாகியிருந்தார். அந்த வெடிப்புக்கு அவர் பெயரைச் சொல்லலாம் என்று வானியலாளர்கள் சிலர் விரும்பினார்கள். 2017 ஆகஸ்ட் 17ஆம் தேதி மாலை, இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதிய ஈர்ப்பலை வந்து 1.7 நொடி கழித்து ஃபெர்மி கலம் ஒரு குட்டி வெடிப்பைப் பதிவு செய்தது. பொன்னும் பிளாட்டினமும் அத்தகைய மோதலில் பிறக்கின்றன என்று தெரிந்தது. என் அம்மாவின் தாலிக்கொடியை, அந்தச் செய்தி வந்த அன்று, பெட்டியிலிருந்து எடுத்து வெறுமனே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் இரண்டு மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. அதை ஓட்டுகிறவர்கள் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே மலையில் இன்னொரு சிறு தொலைநோக்கிக்கு மனிதர்களே தேவையில்லை. எச்சரிக்கை வந்தால் தானே திரும்பும். நாற்காலியைக் கேட்டு யார் முன்னாலும் நிற்க வேண்டியதில்லை, "எடுத்துக்கோப்பா" என்று யாரும் எழுந்திருக்க வேண்டியதும் இல்லை. என் அக்கா மகள் இழப்பது எதை என்று அவளுக்குத் தெரியாது. நான் இழந்தது எதை என்று எனக்குத் தெரியும். 2009இல் ஸ்விஃப்ட் கண்ட ஒரு வெடிப்பின் ஒளி, அண்டத்துக்கு 63 கோடி வயதே ஆகியிருந்தபோது கிளம்பியது என்று அவள் எனக்கு விளக்கிய மாலையை வைத்துப் பார்த்தால், அந்த விலை கொடுக்கத் தக்கதுதான்.

அவளுடைய வேலையில் பழைய வாசனை ஒன்று மிச்சமிருப்பதும் எனக்கு ஆறுதல். 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட்டில் காட்மியம் துத்தநாக டெல்லுரைடு உணர்கலம் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்த அக்டோபர் 6ஆம் தேதியே முதல் வெடிப்பைப் பிடித்தது, இதுவரை ஐந்நூறுக்கு மேல் பிடித்திருக்கிறது. அந்தக் கருவி தானாக மணி அடிக்காது. தரவு தரைக்கு வந்த பிறகு அதைச் சலித்துத் தேட வேண்டும். எங்கள் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பார்ப்பதுபோல் அவள் கோடுகளை நகர்த்திக்கொண்டே போவாள். கோடு சமமாகப் போகும், போகும், சட்டென்று ஒரு பனைமரம். "மாமா, இங்க பாருங்க!" வேலா தாள்களைப் புரட்டியவர்களும் அப்படித்தான் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

2022 அக்டோபர் 9, புரட்டாசி ஞாயிறு. விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் அவள் கைபேசி அதிர்ந்தது. ஸ்விஃப்ட் ஏதோ பார்த்திருக்கிறது, பால்வெளியின் பட்டையில் இருப்பதால் பக்கத்திலேயே உள்ள ஏதோ ஒன்று என்று முதலில் நினைத்தார்கள். இரவு ஏற ஏறத்தான், ஸ்விஃப்ட் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஃபெர்மி அதே திசையில் ஒரு பிரளயத்தைப் பதிவு செய்திருந்ததும், ஸ்விஃப்ட் கண்டது அதன் பின்னொளி என்பதும் தெரிந்தன. சுமார் 200 கோடி ஒளியாண்டு. மனிதர்கள் கண்டதிலேயே மிகப் பிரகாசமானது. கருவிகள் கண் கூசித் திணறின, பூமியின் மேல் வளிமண்டலமே அசைந்தது, பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது என்று பிறகு கணக்கிட்டார்கள். கதிர் வந்து சேர்ந்தபோது மாலை ஆறே முக்கால். அந்த நொடியில் அது மும்பைக்குச் சற்று மேற்கே கடலுக்கு நேர் மேலே, நமக்கெல்லாம் ஏறக்குறைய தலைக்கு மேலே இருந்தது. நாங்கள் மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தோம்.

இரவு அவள் கீழே இறங்கவில்லை. மறுநாள் காலை, பேச்சுவாக்கில் அந்த 1950 கதையை முதன்முறையாக அவளிடம் சொன்னேன். ஷீட் எங்கே என்று கேட்டாள். டிரங்குப் பெட்டியில் பழைய குறிப்பேட்டுக்குள் இருந்தது. மஞ்சளேறி, ஓரம் சுருண்டு, மார்க்கர் புள்ளிகள் கொஞ்சம் ஊதா நிறமாகியிருந்தன. அவள் மடிக்கணினியில் இன்றைய வான அளவீட்டுப் படத்தைத் திறந்தாள். வெள்ளை வானமாக மாற்றினாள். ஷீட்டைத் திரைமேல் வைத்து, படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பொருத்தினாள். முக்கோணம் பொருந்தியது. கரண்டி பொருந்தியது. "ஒரு புள்ளிகூடத் தப்பலையே மாமா, எவ்வளவு சுத்தமா வரைஞ்சிருக்கீங்க" என்றாள். பிறகு, "அந்த வெடிப்போட இடம் எது?" என்று கேட்டு, குறிப்பேட்டிலிருந்த எண்களைத் தட்டினாள். ஷீட்டுக்கு அடியில் நட்சத்திரங்கள் நகர்ந்து போயின, கொஞ்ச தூரம்தான். நின்ற இடத்தில் அவள் பெரிதாக்கிக்கொண்டே போனாள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன். கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவே, பேனா முனை தொட்டும் தொடாததுமாக, சாம்பல் நிறத்தில் ஒரு சிறு திட்டு.

"இதுதான் அது வெடிச்ச கேலக்ஸி, மாமா. இன்னும் அங்கேயேதான் இருக்கு."